ஊர் நினைவைக் காக்கும் புகைப்படப் பணி

ஏரி, குளம், சாலை, பள்ளிக்கூடம், களம், மந்தை ஆகியவை ஊரின் உடைமைகள். இவற்றைக் கணக்கெடுத்து ஏட்டில் பதிந்து வைக்கிறோம். ஆனால் எந்த ஏட்டிலும் ஏறாத உடைமை ஒன்றும் ஊருக்கு உண்டு. அதுவே ஊரின் நினைவு. ஏரிக்கரை எதுவரை நீண்டிருந்தது, எந்தப் புயலில் மதகு உடைந்தது, கடைமடைக்கு எந்த வாய்க்கால் வழியே தண்ணீர் போயிற்று, வேலையின்றிப் போன ஆண்டில் யார் யார் ஊரை விட்டுப் பெயர்ந்தனர் என்பவை யாவும் முதியோர் சிலரின் நெஞ்சில் மட்டுமே தங்கியிருக்கின்றன. அவர்கள் மறையும்போது அவையும் மறைகின்றன. அவற்றுக்கு நகல் கிடையாது.

இந்நினைவைப் பள்ளி மாணவரைக் கொண்டே திரட்டிக் காக்க இயலும். அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஒரு கைப்பேசி, ஒரு குறிப்பேடு, ஓர் ஆசிரியர், ஊராட்சியின் ஆதரவு ஆகிய நான்கும் போதும். இப்பணியை எவ்வாறு தொடங்குவது, எவ்வாறு நடத்துவது, இதனால் ஊருக்கு விளையும் பயன் யாது என்பவற்றை, புதுச்சேரியில் கண்கூடாகக் காணும் சான்றுகளைக் கொண்டு இங்கே ஆராய்வோம்.

படம் சாட்சியாவது எப்படி?

புகைப்படக் கலை உலகுக்கு வந்தது பிரான்சு நாட்டிலிருந்தாகும். தாகேர் என்பாரின் முறையை 1839 ஆகஸ்டு 19 அன்று பாரிசு நகரில் வெளியிட்டு, உலகோர் யாவரும் பயன்படுத்தலாம் என்று அந்நாட்டு அரசு அளித்தது. அதற்கு முன்பு ஒரு பொருளின் தோற்றத்தை ஓவியர் கையால் தீட்டவே முடிந்தது. புகைப்படம் வந்த பின்னர், குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஓர் இடத்தில் இருந்தது இதுவே என்று காட்டவல்ல சாட்சி கிடைத்தது.

அச்சாட்சியின் வலிமைக்கு நம் கிராமம் ஒன்றே எடுத்துக்காட்டு. அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் சோழர் காலத்து நடராசர் திருமேனி இருந்தது. 2006-ஆம் ஆண்டளவில் அது களவு போயிற்று. பயன்பாடின்றிப் பூட்டிக் கிடந்த கோயிலாதலால், 2008-இல் திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற வந்தபோதே களவு வெளிப்பட்டது. இதற்கிடையில் அந்நடராசர் கடல் கடந்து, ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டுவிட்டார். அவர் நம் ஊரிலிருந்து சென்றவரே என்பதற்குச் சான்று எங்கே? அது புதுச்சேரியில் இருந்தது. களவுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அக்கோயிலுக்குச் சென்று திருமேனியைப் படமெடுத்து வைத்திருந்தனர். அப்படத்தோடு ஒப்பிட்டு நோக்கியபோது உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் நடராசர் நாடு திரும்பினார்.

இந்நிறுவனம் 1955-இல் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டு முதல் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்தனர். இன்று அங்குள்ள படங்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவை. களவைப் பிடிக்க வேண்டும் என்று எண்ணி அவை எடுக்கப்படவில்லை; உள்ளதை உள்ளபடி, இடமும் நாளும் குறித்து வைத்தனர், அவ்வளவே. பயன் பின்னால் வந்தது. நம் மாணவர் பணிக்கும் இதுவே அடிப்படையாகும். இன்று எளிதாகத் தோன்றும் படம், நாளை எவ்வழக்கில் சாட்சி சொல்லும் என்பதை நாம் இன்றே அறிய முடியாது.

புதுவை நகரம் கற்பிப்பவை

புதுவை நகரில் காலம் விட்டுச் சென்ற தடங்கள் பல. கடலுக்குள் நீண்டிருந்த பழைய பாலம் 1866-இல் அமைந்தது. 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. 1962-இல் அமைந்த பாலத்தின் ஒரு பகுதியும் 2022 மார்ச்சில் இடிந்து வீழ்ந்தது. கடற்கரைச் சாலையிலிருந்த ‘மேரி’ என்னும் பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பரில் மழையில் சரிந்தது. அதன் உருவம் படங்களில் நிலைத்திருந்தது. அவ்வுருவிலேயே மீண்டும் எழுப்பப்பெற்று 2021-இல் திறக்கப்பட்டது. இடிந்த கட்டடத்தைக் கட்டலாம். அதன் உருவமே மறந்து போயிருந்தால் எதைப் பார்த்துக் கட்டுவது?

கடற்கரையின் கதை இதனினும் பாடம் மிக்கது. 1980-களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இக்கரையில் ஆண்டின் பெரும் பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது இயல்பு. சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரித்தது. நகரத்தின் அகன்ற மணற்பரப்பு மறைந்து, கருங்கல் குவியலே கரையாயிற்று. 2018-இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பின்னர் ஒரு பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. கல்லுக்குப் பின் பிறந்த இளைஞர், கல்லே கரையின் இயல்பு என்று எண்ணினால் வியப்பில்லை. பழைய படத்தைக் காட்டினாலன்றி, இழந்தது எது என்பதை அவர் அறியார். இழந்தது இன்னதென்று அறியாதவர் அதனை மீட்கவும் கேட்க மாட்டார். படத்தின் பயன் இவ்விடத்தே நன்கு விளங்கும்.

கிராமத்தில் இதே நிலைமை ஏரிக்கு நேர்கிறது. கரை சிறிது சிறிதாகக் குறுகும்போது, ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட அளவையே முழு அளவு என்று கொள்கிறது. புதுச்சேரியில் 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 84 ஏரிகளைச் சீர்செய்யும் திட்டம் நடைபெற்றது. இத்தகைய பணி ஒன்று முடிந்ததும், அன்றைய கரை, மதகு, கலிங்கு, வரத்து வாய்க்கால் ஆகியவற்றின் படத்தை ஊரார் வைத்திருப்பாராயின், பின்னர் எழும் பூசல்கள் பலவற்றுக்கு அதுவே விடை கூறும்.

தொடங்கும் முறை

உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவியர் பத்துப் பன்னிருவர் கொண்ட குழு போதுமானது. பொறுப்பாசிரியர் ஒருவர், ஊராட்சி உறுப்பினர் ஒருவர், ஊர் முதியோர் இருவர் துணை நிற்க வேண்டும். முதியோருள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் நலம்.

‘காலமும் நினைவும்’ என்று பொதுவாகத் தலைப்புக் கொடுத்தால், மாணவர் சூரிய அத்தமனத்தையும் பழைய கதவையும் எடுத்து வந்து நிற்பர். ஆகவே தலைப்பு ஓர் இடத்தையோ ஒரு பொருளையோ பற்றியதாக இருக்க வேண்டும். பாகூர்ப் பகுதியாயின், தென்பெண்ணையாற்று நீரைப் பாகூர் ஏரிக்குக் கொணரும் பங்காரு வாய்க்கால் ஒன்றே ஓராண்டுக்குப் போதிய பொருளாகும். நகரை ஒட்டிய ஊராயின், 2020-இல் மூடப்பட்ட ரோடியர் மில்லும் அதில் உழைத்த குடும்பங்களும் பொருளாகலாம். கடலோர ஊராயின் கட்டுமரம் இழுத்து வைத்த மணல்மேடு எங்கே இருந்தது என்பதே ஒரு பொருள். ஒரு கிணறு, ஒரு களம், ஒரு தெரு எனப் பொருள் சிறியதாயிருப்பின், பணி ஆழமாக நடைபெறும்.

ஓராண்டை நான்காகப் பகுத்துக் கொள்க. முதற்பகுதியில் பழைய படங்களைத் திரட்டுதல். இரண்டாவதில் முதியோரிடம் கேட்டுப் பதிதல். மூன்றாவதில் அதே இடங்களில் புதிய படம் எடுத்தல். நான்காவதில் தேர்ந்து, குறிப்பெழுதி, ஊரார்க்குக் காட்டுதல். ஏரி, வாய்க்கால் போன்றவற்றை எடுப்போர் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டந்தோறும் ஒருமுறை சென்று வருதல் வேண்டும்.

பழைய படங்களைத் திரட்டுதல்

படம் இல்லாத வீடு உண்டு. ஆயினும் படமே இல்லாத தெரு அரிது. திருமணப் படம், பள்ளி வகுப்புப் படம், சங்கக் கூட்டத்துப் படம், குடும்ப அட்டைப் படம் எனத் தேடினால் கிடைக்கும். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று ஊரார் வழங்கும் பிரெஞ்சுப் படைவீரர் குடும்பங்களில், சைகோன் நகரிலிருந்து சீருடையில் எடுத்தனுப்பிய படங்களையும் காணலாம். முதன்மையான பொருள் படத்தின் நடுவிலே நிற்க, நாம் தேடும் பொருள் பின்னணியில் இருக்கக்கூடும். மணமக்களுக்குப் பின்னே தெரியும் ஓலைக்கூரை, கவலை இறைக்கும் கிணறு, வண்டிப்பாதை ஆகியவையே நமக்குச் செய்தி.

படத்தை வீட்டைவிட்டு எடுத்துச் செல்லவே கூடாது. வீட்டிலேயே நகலெடுத்து, கையோடு திருப்பித் தருதல் வேண்டும். சன்னல் அருகே நிழல் வெளிச்சத்தில் படத்தைக் கிடத்தி, கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடித்து, மின்னல் விளக்கின்றி எடுக்க வேண்டும். படத்தின் பரப்பைத் தொடாமல் விளிம்பைப் பிடிக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் உருவமே உரிந்து விடும். கண்ணாடியோடு எடுப்பதே முறை. பின்புறத்தில் எழுத்தோ, புகைப்பட நிலையத்தின் முத்திரையோ இருந்தால் அதனையும் தனியே எடுக்க வேண்டும். ஆண்டை அறிய அது உதவும்.

பழைய புகைப்பட நிலையங்களையும் மறத்தல் ஆகாது. கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும், அவற்றிலுள்ள வெள்ளிக்காகவும் கண்ணாடிக்காகவும் பழைய பொருள் வணிகரிடம் எடைக்குப் போய்விட்டன. எஞ்சியவற்றைப் பூஞ்சையும் கறையானும் தின்கின்றன. 1880 முதல் 1980 வரையான தமிழகப் புகைப்பட நிலையங்களின் படங்களைத் தேடிப் பதியும் பணியை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மேற்கொண்டது. அந்நிறுவனத்தார் எல்லா ஊருக்கும் வருதல் இயலாது. நம் கடைத்தெருவின் பழைய நிலையத்தை நாமே சென்று பார்க்க வேண்டும்.

அதே இடத்தில் நின்று எடுத்தல்

பழைய படத்தை எடுத்தவர் நின்ற இடத்திலேயே நின்று புதிய படம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்தால் காலம் செய்த மாற்றம் ஒரே பார்வையில் விளங்கும். 1888-இல் ஃபின்ஸ்டர்வால்டர் என்னும் செருமானிய அறிஞர் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை அளக்க இம்முறையைக் கையாண்டார். ஏரியை அளக்கவும் இது பொருந்தும்.

நின்ற இடத்தைக் கண்டுபிடிப்பது மாணவர்க்கு நல்ல கணக்குப் பயிற்சியாகும். பழைய படத்தில் அருகிலுள்ள பொருள் ஒன்றையும் தொலைவிலுள்ள பொருள் ஒன்றையும் தேர்ந்து கொள்க. மதகின் தூணுக்கு நேர் பின்னே கோயில் கோபுரம் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் இடப்புறம் நகர்ந்தால் கோபுரம் தூணுக்கு இடப்புறமாக விலகித் தோன்றும். வலப்புறம் நகர்ந்தால் வலப்புறமாக விலகும். இரண்டும் ஒரே நேராகும் வரை நகர வேண்டும். இனி, முன்னும் பின்னும் நடந்து பார்க்க வேண்டும். முன்னே செல்லச் செல்ல அருகிலுள்ள தூண் விரைந்து பெரிதாகும். கோபுரம் அவ்வளவு பெரிதாகாது. பழைய படத்தில் இரண்டின் உயரமும் எவ்விகிதத்தில் உள்ளனவோ, அவ்விகிதம் வருமிடமே பழையவர் நின்ற இடம். நிழல் மேற்கே விழுந்திருந்தால் அது காலையில் எடுத்த படம். நாமும் காலையில் செல்ல வேண்டும்.

பழைய படமே கிடைக்காத இடத்திலும் பணி நின்றுவிட வேண்டுவதில்லை. நாமே முதற்படத்தை எடுத்து வைப்போம். நின்ற இடத்தில் கல் ஒன்று நட்டு வண்ணம் பூசுக. அளவு தெரிய ஒரு மீட்டர் கோலைப் படத்துள் நிறுத்துக. மார்கழியில் நீர் நிறைந்தபோது ஒன்றும், வைகாசியில் வறண்டபோது ஒன்றும் எடுத்து, ஆண்டுதோறும் அடுத்த வகுப்பு மாணவர் தொடர்ந்து வருக. பத்தாண்டில் அவ்வூருக்கு எந்த அலுவலகத்திலும் கிடைக்காத ஆவணம் சேர்ந்துவிடும்.

முதியோரிடம் கேட்டல்

படம் தனியே பேசாது. அதனைப் பேச வைப்பவர் முதியோர். “பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள், தாத்தா” என்று கேட்டால், “அந்தக் காலம் போல வருமா?” என்பதோடு பேச்சு முடியும். படத்தைக் கையில் கொடுத்து, “இந்தக் கிணற்றை வெட்டியவர் யார்? இதில் எத்தனை கவலை ஓடியது? பின்னால் நிற்கும் அம்மாள் யார்?” என்று பொருளைச் சுட்டிக் கேட்க வேண்டும். அப்போது ஒரு நினைவு மற்றொரு நினைவை இழுத்து வரும்.

நம் முதியோர் ஆண்டை எண்ணால் சொல்வதில்லை, நிகழ்ச்சியால் சொல்வர். “பாலம் அடித்துக்கொண்டு போன புயலில்” என்றால் 1952. “பிரெஞ்சுக்காரன் போன வருஷம்” என்றால் 1954. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர், நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சுனாமி என்றால் 2004 டிசம்பர். தானே புயல் என்றால் 2011 டிசம்பர். இத்தகைய நிகழ்ச்சிகளோடு, ஊர்க்கோயில் குடமுழுக்கு, மின்விளக்கு வந்த நாள் ஆகியவற்றையும் சேர்த்து ஊருக்கென ஒரு காலக் குறிப்பு அட்டவணையை முதலிலேயே எழுதிக்கொண்டால், எந்தப் படத்துக்கும் ஏறத்தாழ ஆண்டு குறித்துவிடலாம். பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவுச் சீட்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றோடும் ஒப்பிடலாம்.

இருவர் இருவிதமாகச் சொன்னால் என் செய்வது? இரண்டையும், சொன்னவர் பெயரோடு எழுதி வைக்க வேண்டும். தீர்ப்புக் கூறுவது மாணவர் கடமையன்று. இவ்வகையில் புதுச்சேரிக்கு ஒரு முன்னோடி உண்டு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் நாள் குறித்துத் தமிழில் எழுதி வைத்தார். அரண்மனைச் செய்தியோடு கடைத்தெருப் பேச்சும் அதில் இடம்பெற்றது. அதனாலன்றோ இன்று வரலாற்றாசிரியர் அந்நாட்குறிப்பைத் தேடிப் படிக்கின்றனர்!

படத்தில் இல்லாதவர்கள்

இப்பணியில் மிகவும் கருத்தோடு நோக்க வேண்டிய இடம் இது. படம் பொய் சொல்லாது என்பர். ஆனால் முழுவதும் சொல்லாது. புகைப்பட நிலையத்தில் திரையில் தீட்டிய மாளிகையின் முன் நின்று, இரவல் கோட்டு அணிந்து எடுத்துக்கொண்ட படம், அவர் வாழ்ந்த வாழ்வைக் காட்டுவதன்று. வாழ விரும்பியதைக் காட்டுவது. அதுவும் ஒரு செய்தியே. ஆயினும் வேறுபாடு அறிந்து எழுத வேண்டும்.

மேலும், படமெடுத்துக் கொள்ளக் காசு வேண்டியிருந்த காலத்தில் காசு இல்லாதவர் படத்தில் இல்லை. நிலக்கிழாரின் வீட்டில் பத்துப் படம் இருக்க, அவர் நிலத்தில் நாற்று நட்டவருக்கு ஒன்றும் இல்லை. 1936 சூலை 30 அன்று புதுச்சேரிச் சவானா ஆலையில் எட்டு மணி நேர வேலை முதலிய உரிமைகளுக்காகப் போராடிய தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். ஆலைகளின் கட்டடம் படத்தில் எளிதாகக் கிடைக்கும். அவற்றினுள் நின்றவர் முகம் எளிதில் கிடைக்காது. பழைய அஞ்சலட்டைகளிலோ உழைப்பாளியின் முகம் இருக்கும், பெயர் இராது. சாதியோ தொழிலோ மட்டும் அச்சிட்டிருக்கும்.

நம் மாணவரும் பெரிய வீடுகளுக்கு மட்டும் சென்று திரும்பினால், அப்பழைய குறையையே மீண்டும் செய்தவராவர். எல்லாத் தெருக்களுக்கும் குழு செல்ல வேண்டும். படம் இல்லாத குடும்பத்தாரிடம், அவர்கள் வேலை செய்த கருவியை, நடந்த பாதையை, நீர் மொண்ட கிணற்றைக் கேட்டறிந்து, அவர் அதனருகே நிற்க இன்றே படமெடுக்க வேண்டும். எடுத்த படத்தின் கீழ் அவர் விரும்பும் வண்ணம் முழுப் பெயரும் எழுத வேண்டும். ஒரு படி அச்சிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் முதற்படமாக அது அமையக்கூடும்.

இசைவு பெறாமல் எவரையும் எடுத்தல் ஆகாது. பெண்கள், சிறுவர், நோயுற்றோர், துயரில் இருப்போர் வகையில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். வேண்டாம் என்றால் அத்துடன் விட்டுவிட வேண்டும். ஊர்க் காட்சிக்கென்று வாங்கிய படத்தைக் கைப்பேசி வழியே பிறர்க்குப் பரப்புதல் கூடாது. இதனை முதல் நாளிலேயே மாணவர்க்கு விதியாகக் கூறிவிடுக. நம்பிக்கை ஒருமுறை குலைந்தால், ஊரில் எந்தப் பெட்டியும் மீண்டும் திறக்கப்படாது.

காத்தலும் காட்டலும்

ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து செய்திகள் தவறாமல் இருக்க வேண்டும்: எடுத்த இடம், நாள், எடுத்தவர் பெயர், படத்தில் இருப்போர் பெயர், செய்தி கூறியவர் பெயர். கைப்பேசியில் மட்டும் கிடக்கும் படம், கைப்பேசி பழுதானால் அழியும். ஆகவே பள்ளியில் ஒன்று, ஊராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று என இரண்டு இடங்களில் படி வைக்க வேண்டும். சிறந்த ஐம்பது படங்களைத் தாளில் அச்சிட்டு, பின்புறம் மென்மையான பென்சிலால் குறிப்பெழுதி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வைக்க வேண்டும். பேனா மை நாளடைவில் மறுபுறம் ஊறிவிடும்.

ஆண்டு இறுதியில் ஊர்க் காட்சி ஒன்று நடத்துக. தமிழகத்து ஊர்களில் கிராம சபை கூடும் நாள் இதற்கு ஏற்றது; புதுச்சேரியிலோ நவம்பர் 1 விடுதலை நாள் மிகப் பொருந்தும். பழையதும் புதியதுமாக இரண்டிரண்டு படங்களை ஒட்டி, கீழே வெற்றுத்தாள் தொங்கவிட வேண்டும். பார்ப்போர் தாம் அறிந்த பெயரையும் திருத்தத்தையும் அதில் எழுதட்டும். எழுத அறியாதவர் சொல்ல மாணவர் எழுதட்டும். பெயர் தெரியாதிருந்த முகங்கள் பலவற்றுக்கு அந்த ஒரு நாளிலேயே பெயர் கிடைத்துவிடும்.

நகரத்துக்கு வரும் மாணவர் குழுக்கள் செயின்ட் லூயி வீதியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு முன்னறிவிப்புடன் சென்று, படங்கள் எவ்வாறு எண்ணிடப்பட்டுக் காக்கப்படுகின்றன என்பதைக் கண்டு வருதல் நல்ல பயிற்சியாகும்.

உறுப்பினர்களுக்கும் உழவர்களுக்கும்

இது பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுக்கிவிடல் ஆகாது. வரத்து வாய்க்கால் எங்கே ஓடிற்று என்ற வினா எழும்போது ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. அறிந்தவர் பேச்சை அறியாதவர் நம்புவதில்லை. அன்று படமும், அதன் பின்னே எழுதிய பெயரும் நாளும் இருந்தால் பூசலின் வேகம் தணியும். வருவாய்த்துறை வரைபடத்துக்கும் அளவைப் புத்தகத்துக்கும் அவை மாற்றாகா. ஆனால் அவற்றுக்கு உயிரூட்டும் துணையாகும்.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை மூன்று. பள்ளித் தலைமையாசிரியரை அழைத்துப் பேசிக் குழு அமைத்தல். அலமாரி ஒன்றும் அச்சுச் செலவும் அளித்தல். எல்லாத் தெருக்களிலும் மாணவர் தடையின்றிச் சென்று வர உடன் நின்று உதவுதல். உழவர் பெருமக்கள் செய்ய வேண்டியது ஒன்றே. பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியை இறக்கி, அதிலுள்ள படங்களைப் பேரப் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டி, தாம் அறிந்த பெயர்களைச் சொல்ல வேண்டும். ஊரின் மூத்தவர் எத்தனை பேர், அவருள் நடமாட இயலாதவர் யார் என்று கணக்கிட்டு, முதலில் அவர்களிடமிருந்து பணியைத் தொடங்குக. ஏரிக்கு மழை அடுத்த ஆண்டும் வரும். அவர்களின் சொல் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.